பந்துத் தொட்டிக்குள்ள ஆட்டோச் சாவி

எல்லாரும் பாயில உருண்டாச்சு, சோறு உள்ள போயிருச்சு, இனி ஒரு மணி நேரம் இந்த மின்மினி மழலையர் பள்ளியில ஃபேன் சத்தம் மட்டும்தான், வாணி டீச்சர்ங்கிற இந்த ஜீவனுக்கு ஒரு நாள்ல கிடைக்கிற ஒரே நிம்மதி. இதுலயும் எதை நினைக்கிறேன் பாரு, மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கணும், நேத்து சட்னி அரைக்கும்போது அடியில ஒழுகி மேடையெல்லாம் பச்சை. இந்தப் பொண்ணு என் புடவையைப் புடிச்சுட்டே தூங்குறா, இழுத்தா முழிச்சுக்குவா, முழிச்சா இன்னும் நாலு பேரை எழுப்பிட்டுத்தான் அடங்குவா. அந்த மூலையில தர்ஷித். அவன் ஏன் இன்னிக்குச் சோத்தை வாயிலயே வச்சுட்டு உக்காந்திருந்தான்? காலைல அவனைத் தூக்கி உள்ள விட்டப்பவே வாயில ஆரஞ்சு வாசனை அடிச்சுது. மிட்டாய் இல்ல. காய்ச்சல் மருந்து. மருந்து வாசனையும் மிட்டாய் வாசனையும் எனக்குத் தெரியாதா? அவங்கம்மா சுகந்தி வண்டியை ஆஃப் பண்ணாமலே, "லேசா சளிங் டீச்சர், வேற ஒண்ணுமில்லீங்" அப்படின்னா. வண்டியை ஆஃப் பண்ணாம பேசுற அம்மாக்களை நம்பவே கூடாது. காய்ச்சல் அடிச்சா அனுப்பாதீங்கன்னு கேட்டுலயே எழுதித் தொங்க விட்டிருக்கு, அதுக்குக் கீழதான் வண்டி நிக்குது. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்ங்கிறதும் அவளுக்குத் தெரியும். ஆனா பனியன் கம்பெனியில இது ஷிப்மெண்ட் வாரம், லீவுன்னு கேட்டா மேஸ்திரி மூஞ்சி எப்படிப் போகும்னு அவ மூஞ்சியிலயே தெரிஞ்சுது. சரி போன்னு விட்டுட்டேன். காலைல ஊத்துன மருந்து மத்தியானத்துக்குத் தீர்ந்துருமே. தொட்டுப் பாக்கணும். தெர்மாமீட்டர் மருந்து அலமாரியில, சாவி என் இடுப்புல, சிவப்பு ரிப்பன்ல கட்டி. எந்திரிக்கணும். இதோ எந்திரிக்கிறேன். இந்தப் பொண்ணு புடவையை விடட்டும். வாஷர் எந்த சைஸ்னு தெரியலையே, ஜாரையே தூக்கிட்டுப் போகணும் போல.

அது என்ன, பாய் சரசரங்குது? எவன்டா தூங்காம காலை ஆட்டுறது? தர்ஷித்தா? டேய் தர்ஷித், கண்ணை மூடு... கண்ணு மூடல. மேல போயிருக்கு. வெள்ளை மட்டும் தெரியுது. கை வெட்டி வெட்டி இழுக்குது, காலும். ஐயோ. ஐயோ அம்மா. வாணி, பதறாதே. பதறாதேன்னுதான் முதலுதவி ட்ரெயினிங்ல அந்த டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னாங்க, எப்படிப் பதறாம இருக்கறதுன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லித் தரல. ஒருக்களிச்சுப் படுக்க வை. வச்சாச்சு. பக்கத்துல இருக்கிற பிள்ளைங்களைத் தள்ளு. பாயோட இழுத்துட்டேன், ஒருத்தி தூக்கத்துலயே சுவரோரம் போய்ச் சேந்துட்டா. சட்டை பட்டனைக் கழட்டு. வாயில ஒண்ணும் வைக்காதே, தண்ணி ஊத்தாதே, கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதே. எல்லாம் தெரியும். அன்னிக்கு எங்க பேட்ச்லயே நான்தான் ஃபர்ஸ்ட்டு, கை தட்டினாங்க. ஆனா அன்னிக்குப் படுத்திருந்தது ரப்பர் பொம்மை. பொம்மைக்குக் கடவாயில எச்சில் வழியாது, உதடு இப்படி நீலம் பாயாது. பொம்மையோட அம்மா சாயங்காலம் வந்து எம்புள்ளை எங்கன்னு கேக்க மாட்டா. காய்ச்சல் ஏறும்போது சில பிள்ளைங்களுக்கு வலிப்பு வரும், பெரும்பாலும் தானா நின்னுரும், நேரத்தை மட்டும் பாருங்கன்னாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஒரு நொடி நிக்காம ஆஸ்பத்திரி. நேரம். நேரம் பாரு. மணி பத்து பத்து. சரி, பத்து பத்து. மனசுல வச்சுக்கோ. உதடு. உதட்டைப் பாரு. மறுபடி மணி பாரு. பத்து பத்து. இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகலையா? சோறு சாப்பிட்டு எப்படிடி பத்து மணி? அது அட்டைக் கடிகாரம். மணி பாக்கச் சொல்லித் தர நானே ஒட்டினது. அசல் கடிகாரத்துக்கு பேட்டரி தீர்ந்து போய், வாஷரோட சேத்து அதையும் வாங்கலாம்னு இருந்தேன்.

போன் எங்க ஆயா மாராத்தாக்காகிட்ட இருக்கு, அது அடுப்படியில பாத்திரம் கழுவுது. கத்திக் கூப்பிடணும், அதுக்குள்ள நேரம் போகுதே, எண்ணு, வாயாலயே எண்ணு. "ஒண்ணு." சத்தமா வந்துருச்சு போல. சுவரோரமா ஒரு தலை எந்திரிச்சுது. "ஒண்ணு!" நான் ரெண்டுன்னேன், நாலஞ்சு பேர் கண்ணைக் கசக்கிட்டே "ரெண்டு!" அப்படின்னாங்க. டீச்சர் எண்ணினா கூட எண்ணணும்னு பழக்கி வச்சவளே நான்தானே. மூணு வரும்போது மொத்த பள்ளிக்கூடமும் கையைக் கட்டி சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. நாலு! அஞ்சு! இவன் கை இழுக்குற இழுப்புக்கும் இதுங்க கத்துற கத்துக்கும் ஏதோ விளையாட்டு நடக்குதுன்னு நினைச்சு ஒருத்தன் சிரிக்க வேற செய்யறான். அதுவும் நல்லதுதான், பயந்து அழுதா எல்லாத்தையும் யார் சமாளிக்கறது? பதினெட்டு, பத்தொம்பது, இருபது! இருபத்தொண்ணுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். "ஒண்ணு!" அப்படின்னுது கூட்டம். இருபதுக்கு மேல நான் இன்னும் பாடம் எடுக்கல. அடுத்த மாசம் எடுக்கலாம்னு இருந்தேன். சரி, ஒரு இருபது முடிஞ்சுது, விரலை மடக்கு. ரெண்டாவது இருபது. விரலை மடக்கணும்னா இவன் தலைக்கு அடியில இருக்கிற கையை எடுக்கணும். எடுக்க முடியாது. மனசுலயே மடக்கினேன். மூணாவது இருபதா, நாலாவதா? எனக்குப் பயமா இருக்கு. வெளிய சொல்ல முடியல, இத்தனை கண்ணு என்னையே பாக்குது.

"என்னங் டீச்சர், தூங்க வைக்கிற நேரத்துல பாடமா" அப்படின்னுட்டே மாராத்தாக்கா ஈரக்கையோட எட்டிப் பாத்துச்சு. பாத்ததும் போட்ட கூச்சல் இருக்கே, "ஐயோ சாமி, புள்ளைக்கு ஜன்னி கண்டிருச்சே, இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க!" அந்தக் கூச்சல் மாடி வரைக்கும் போய், வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்துட்டாங்க. கேட்டுக்கு வெளிய ஆட்டோவுல கால் நீட்டிப் படுத்திருந்த செல்லமுத்து அண்ணன் செருப்பில்லாம ஓடி வந்துட்டார். வந்தவங்க யாரும் என்னாச்சுன்னு கேக்கல. வீட்டுக்காரம்மா இடுப்பைத் துழாவி, பீரோ, மோட்டார் ரூம், மொட்டை மாடி, பக்கத்துக் குடித்தனம் வரைக்கும் எல்லாச் சாவியும் கோத்த ஒரு கொத்தை உருவி, "புடிங் டீச்சர், கையில வைங்" அப்படிங்கிறாங்க. கார்ப்பரேஷன் தண்ணி வந்தாக்கூட அந்தக் கொத்தை யார் கையிலயும் குடுக்காத மனுஷி. செல்லமுத்து அண்ணன் ஆட்டோச் சாவியை நீட்டுறார். "இது அசல் இரும்புங் டீச்சர், டூப்ளிகேட் இல்லீங்." மாராத்தாக்காவைக் காணோமேன்னு பாத்தா, அடுப்படியில இருந்து அருவாமனையைத் தூக்கிட்டு வருது! "அக்கா! அருவாமனை! பிள்ளைங்க நடுவுல!" "சாவி இல்லீங் டீச்சர் எங்கிட்ட, இரும்புன்னா இரும்புதானுங்களே." எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். சாவி வச்சா வலிப்பு நிக்காது, அது தானா நிக்கும், நிக்கற நேரத்துல நீங்க சாவி வைக்கிறீங்க, சாவிக்குப் பேர் கிடைக்குது! இதை ட்ரெயினிங்ல சொன்னப்ப ரெண்டு கையாலயும் தட்டினவ நான். அந்தக் கொத்தைப் பிடுங்கினேன், ஆட்டோச் சாவியைப் பிடுங்கினேன், திரும்பிக்கூடப் பாக்காம மூலையில இருந்த பந்துத் தொட்டிக்குள்ள விசிறி எறிஞ்சேன். கலர் கலரா பிளாஸ்டிக் பந்து, பிள்ளைங்க இடுப்பளவுக்கு முங்கி விளையாடற தொட்டி. சலங்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். "எல்லாரும் வெளிய போங்க! காத்து வரட்டும்! அக்கா, நீங்க சுகந்திக்குப் போன் போடுங்க, கம்பெனி கேட்டு நம்பருக்குப் போடுங்க, உள்ள போறவங்க போனை வாங்கி வச்சுக்குவாங்க. அண்ணா, நீங்க வண்டியைத் திருப்பி வைங்க!" போனாங்க. போற போக்குல வீட்டுக்காரம்மா, "படிச்சவீங்க, நாம சொன்னா கேக்கவா போறாங்க" அப்படின்னது காதுல விழுந்துச்சு. விழட்டும்.

இப்ப நானும் அவனும். எண்ணுறதை நிறுத்தாத இந்தப் பட்டாளமும். பதினொண்ணு! பன்னெண்டு! இழுப்பு குறையுதா? குறையற மாதிரி இருந்துச்சு, மறுபடி வெட்டுது. இந்தக் கை, இந்த மூடின பிஞ்சுக் கை, என் தம்பியோட கை இப்படித்தான் இருக்கும். அப்ப தங்கராசுக்கு நாலு வயசு, எனக்கு ஏழோ எட்டோ. காய்ச்சல் வந்தா அவனுக்கு இது வந்துரும். அம்மா அவனை மடியில போட்டுட்டு வாணின்னு ஒரு சத்தம்தான் போடும். சாவின்னு சொல்லாது, சொல்லணும்னு அவசியமில்ல, அது என் வேலை. சாமி படத்துக்குப் பின்னால ஆணியில தொங்கும் ட்ரங்குப்பெட்டிச் சாவி. நாற்காலி போட்டு ஏறி, எடுத்து, குதிச்சு ஓடியாந்து அவன் கையைப் பிரிச்சு உள்ள வச்சு மூடணும். நான் வச்சாத்தான் நிக்கும்னு எனக்கு ஒரு கெத்து. ஒரு தடவை பம்பரம் விட்டுட்டு இருந்தேன், பாதியில விட்டுட்டு ஓடியாந்தேன். இப்ப அவன் பெங்களூர்ல தொப்பையும் தொந்தியுமா இருக்கான், தினம் விடியறதுக்குள்ள பூ படம் போட்டு குட் மார்னிங் அனுப்பறான், அக்கா பதில் போடறதே இல்லைன்னு கோவம் வேற. போடறேன்டா. இந்தப் பையன் நல்லாயிட்டா தினம் போடறேன், ரெண்டு பூ படம் சேத்தே போடறேன். ஏய் தர்ஷித், தங்கம், சாமி, காலைல உன் வாயில வாசனை அடிச்சப்பவே உங்கம்மாவை நிறுத்தியிருக்கணும்டா. அப்பவே தெர்மாமீட்டரை எடுத்திருக்கணும், அந்தப் பொண்ணு புடவையைப் புடிச்சுட்டான்னு உக்காந்திருந்தேன் பாரு. இப்பவாவது எடுக்கலாமா? இடுப்பைத் தொட்டா அலமாரிச் சாவி இல்ல. ரிப்பனோட காணோம். நாசமாப் போச்சு, அதையும் சேத்தா தொட்டிக்குள்ள எறிஞ்சேன்? எறிஞ்சிருப்பேன். அந்த ஆத்திரத்துல எதை எறிஞ்சேன்னு யார் கண்டா? போகட்டும், சூடு இருக்குன்னு தெரியும், எவ்வளவுன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறேன், நீ கண்ணைத் திற போதும்.

நின்னுருச்சு. என்னது? நிஜமாவே நின்னுருச்சு. கை தொய்ஞ்சுது, கால் நீண்டுது, ட்ரவுசர் நனைஞ்சுது, பெரிய மூச்சு ஒண்ணு வந்துச்சு. பிள்ளைங்க மட்டும் நிக்கல, ஏழு! எட்டு! இப்பதான் இன்னும் பயம், அசையாமக் கிடக்கானே. மூக்குக்குக் கீழ விரலை வச்சேன். சூடா வருது. வருது, போகுது. உதட்டுல நீலம் கரைஞ்சு சிவப்பு ஏறுது. முடிஞ்சதும் அசந்து தூங்குவாங்கன்னு சொன்னாங்க, தூங்கட்டும், ஆனா டாக்டர் பாக்கணும், ஆஸ்பத்திரி அடுத்த தெருதான், இப்பவே. வாரித் தூக்கித் தோள்ல போட்டுட்டு வாசலுக்கு ஓடினேன். ஆட்டோவுக்குள்ள ஏறி உக்காந்தாச்சு. செல்லமுத்து அண்ணன் முன்னால உக்காந்து, பின்னால திரும்பி என்னைப் பாக்கறார். "போங்கண்ணா!" அவர் அசையல. "போங்கன்னா! என்ன பாக்கறீங்க?" "சாவிங் டீச்சர்" அப்படின்னார், ரொம்ப மரியாதையா. தொட்டி. பந்துத் தொட்டி. நான்தான். என் கையால. "தொட்டியில அண்ணா! தொட்டியில பாருங்க!" அவர் ஓடினார், பின்னால வீட்டுக்காரம்மா ஓடினாங்க, அவங்களுக்கு அவங்க கொத்து. ஜன்னல் வழியா எனக்கு எல்லாம் தெரியுது. செல்லமுத்து அண்ணன் தோள் வரைக்கும் பந்துக்குள்ள கையை விட்டுத் துழாவறார். இதுதான் சாக்குன்னு எண்ணிக்கையை விட்டுட்டு மொத்தப் பட்டாளமும் தொட்டிக்குள்ள குதிச்சுது. "துழாவாதீங்கண்ணா, கவுத்துருங்க!" அப்படின்னு நான் இங்கிருந்து கத்தறேன். கவுத்துட்டார். சிவப்பு, மஞ்சள், நீலம், பந்தெல்லாம் வாசப்படி தாண்டித் தெருவுல உருண்டு வருது, ஒரு வேன்காரன் பிரேக் போட்டு நின்னு வேடிக்கை பாக்கறான். பந்துக்குள்ள இருந்து கொத்தைப் பொறுக்கி இடுப்புல சொருகிட்டு, அதே கையில ஆட்டோச் சாவியையும் தூக்கிப் பிடிச்சாங்க வீட்டுக்காரம்மா, "இந்தாங், ஓடுங்!" அந்த நேரத்துல அவங்க ஒரு வார்த்தை என்னைச் சொல்லல. சொல்லியிருந்தாத் தேவலையா இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு, காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பாத்துட்டு, "காய்ச்சல்ல வந்த வலிப்புதான், இப்ப நல்லா இருக்கான், கொஞ்ச நேரம் வச்சுப் பாப்போம்" அப்படின்னதும் பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன். "எவ்வளவு நேரம் இருந்துச்சு?" அப்படின்னு கேட்டாங்க. "மூணு இருபதுங்க டாக்டர். நாலா இருக்கலாம். நடுவுல அருவாமனை வந்துச்சு, அதுல விட்டுப் போச்சு." அவங்க எழுதற பேனாவை நிறுத்திட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. எனக்கும் ஊசி ஒண்ணு எழுதிக் குடுங்கன்னு கேக்கத் தோணுச்சு. நர்ஸ், அவன் கையில ஏதோ மாட்டறதுக்காக விரலைப் பிரிக்கப் பாத்தாங்க, தூக்கத்துலயும் விடல, இறுக்கிப் பிடிச்சிருக்கான். "டாக்டர், இவன் கைக்குள்ள என்னமோ இருக்கு. சாவி." அப்படின்னாங்க நர்ஸ். டாக்டர் சிரிச்சாங்க. "இன்னும் இது போகலையா! யார் குடுத்தது?" வாய் தயாராயிருச்சு. எங்க ஆயாதாங்க டாக்டர், எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்லீங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா மாராத்தாக்காகிட்ட சாவியே இல்ல, அதனாலதானே அருவாமனை. மத்த ரெண்டையும் தொட்டிக்குள்ள இருந்து எடுத்ததை நான் பாத்தேன். அப்ப இது? விரல் சந்துல இருந்து ஒரு சிவப்பு நுனி எட்டிப் பாக்குது. ரிப்பன். என் ரிப்பன். மருந்து அலமாரிச் சாவி. எப்ப வச்சேன்? எண்ணும்போதா? பதினொண்ணு பன்னெண்டுக்கு நடுவுலயா? எனக்குத் தெரியவே தெரியாது. கையைப் பிரிச்சு, உள்ள வச்சு, மூடி, எல்லாம் சரியாச் செஞ்சிருக்கேன், என்னைக் கேக்காமலே.

பதில் சொல்லறதுக்குள்ள கதவைத் தள்ளிட்டு சுகந்தி வந்துட்டா. தலையில ஹெல்மெட்டு அப்படியே இருக்கு, சட்டையெல்லாம் பனியன் பஞ்சு ஒட்டியிருக்கு. யாரையும் பாக்கல, டாக்டரைப் பாக்கல, பையன் மூஞ்சியைக்கூடப் பாக்கல. வண்டிச் சாவியைக் கையில நீட்டிப் புடிச்சுட்டே ஓடி வந்து அவன் உள்ளங்கையைத்தான் பிரிச்சா. அங்க ஏற்கனவே ஒரு சாவி. அப்படியே நின்னுட்டா. ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கண்ணு மட்டும் தெரியுது. "யாருங் டீச்சர் வச்சது?" "நான்தான்" அப்படின்னேன். டாக்டருக்கும் கேக்கற மாதிரியே சொன்னேன், கேட்டாக் கேக்கட்டும். அவ என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா, "வழியெல்லாம் அதைத்தானுங் டீச்சர் நினைச்சுட்டு வந்தேன், எம்புள்ளை கையில யாராச்சும் ஒரு சாவி வச்சாங்களா, வச்சாங்களான்னு. காலைல மருந்தைக் குடுத்துட்டுத்தானுங் அனுப்பினேன், உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்." "தெரியும் சுகந்தி" அப்படின்னேன், "வாசனை வந்துச்சு, நானும்தான் உள்ள விட்டேன்." ஹெல்மெட்டு என் நெத்தியில இடிச்சுது, வலி பொறுக்க முடியல, ஆனா நகரணும்னு தோணல. டாக்டர் தொண்டையைக் கனைச்சுட்டு, "டீச்சர், நீங்க முதலுதவி ட்ரெயினிங் போனவங்கன்னு உள்ள வரும்போதே சொன்னீங்க இல்ல?" "ஆமாங்க டாக்டர். ஃபர்ஸ்ட்டு வந்தேன்." செல்லமுத்து அண்ணன் கதவோரம் நின்னு கூரையைப் பாத்து ஏதோ அடக்கிட்டு இருந்தார். சத்தத்துல தர்ஷித் கண்ணைத் திறந்தான். அம்மாவைப் பாத்தான், என்னைப் பாத்தான், அழுவான்னு பாத்தா அழல. கையைப் பிரிச்சு, சாவியைத் திருப்பித் திருப்பிப் பாத்து, யாரோ பாதி வேலையைத் தன்கிட்டத் தள்ளி விட்ட மாதிரி சலிச்சுக்கிட்டே, "டீச்சே, பூட்டு எங்க?" அப்படின்னான். எனக்கு அப்பதான் அழுகை வந்துச்சு. "பள்ளிக்கூடத்துல இருக்குது கண்ணு. சாவியை நீயே வச்சுக்கோ. காய்ச்சல் நல்லாப் போனப்புறம் வா, வந்து நீயே திற" அப்படின்னேன், அவனைப் பாத்து இல்ல, ஹெல்மெட்டைப் பாத்து. ஹெல்மெட்டு நல்லா ஆழமா ஒரு தடவை தலையை ஆட்டுச்சு.